கோளா, கோபுரமா? கடலூர்–புதுச்சேரிக் கரையோரம் இடம் காட்டும் முறைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் படகு வைத்திருப்பவர்கள், நிலம் அளக்க வரும் சர்வேயரின் கருவியைச் சற்று ஐயத்துடன் பார்ப்பவர்கள், கைப்பேசி வரைபடத்தின் நீலப்புள்ளி ஏன் தடுமாறுகிறது என்று கேட்கும் கல்லூரி மாணவர்கள் ஆகியோர் பொதுவாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கணக்கில் இறங்க விரும்பாதவர்கள் முதல் இரண்டு விடைகளைத் தாண்டிச் சென்று படிக்கலாம்.

செயற்கைக்கோள் வழியாக இடமறிவதற்கும் தரை நிலையங்கள் வழியாக இடமறிவதற்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

இரண்டிலும் நடப்பது ஒரே கணக்குதான். ரேடியோ அலை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. இருப்பிடம் தெரிந்த ஓர் இடத்திலிருந்து புறப்பட்ட அலை நம்மை வந்தடைய எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரிந்தால், அந்த இடத்திலிருந்து நாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். இப்படிச் சில இடங்களிலிருந்து தொலைவுகள் கிடைத்தால் நம் இருப்பிடம் கிடைக்கும். வேறுபாடு, அந்த 'இருப்பிடம் தெரிந்த இடம்' எங்கே இருக்கிறது என்பதில்தான் தொடங்குகிறது.

தரை முறையில் அது ஒரு கோபுரம். ஒருமுறை அளந்து குறித்துவிட்டால் பிறகு நகராது. செயற்கைக்கோள் முறையில் அது தரையிலிருந்து 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருள். எனவே ஜி.பி.எஸ். கோள் ஒவ்வொன்றும் தன் நேரத்தை மட்டுமல்லாமல், தான் அந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்ற விவரத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த விவரத்தைக் கோளுக்குச் சொல்பவை தரையில் உள்ள கட்டுப்பாட்டு நிலையங்கள். ஆகவே 'கோள்வழி முறை' என்று நாம் அழைப்பதற்கும் வேர் தரையில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

நேரத்தில் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும். கோள்களில் அணுக் கடிகாரம் இருப்பதற்குக் காரணம் இதுவே. நம் கையில் உள்ள கருவியிலோ மலிவான கடிகாரம்தான் இருக்கிறது. அதன் பிழையையும் ஓர் அறியப்படாத எண்ணாக வைத்துக் கணக்கிட வேண்டியிருப்பதால், மூன்று கோள்கள் போதாமல் குறைந்தது நான்கு தேவைப்படுகின்றன. சார்பியல் கோட்பாட்டின்படி, கோளில் உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி முந்தி ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவுப் பிழை சேர்ந்துவிடும்.

லோரான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது எப்படி வேலை செய்தது? ஏன் கைவிடப்பட்டது?

லோரான் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான தரைவழி முறை. பின்னாளில் பரவலாகப் பயன்பட்ட லோரான்-சி, 100 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. ஒரு தலைமை நிலையமும் அதிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி அமைந்த துணை நிலையங்களும் ஒன்றுக்கொன்று நேரம் பிசகாமல் அலைத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கப்பலில் உள்ள கருவி, இரண்டு நிலையங்களின் துடிப்புகள் வந்து சேரும் நேரங்களுக்கு இடையிலான வேறுபாட்டை அளக்கும்.

மாசிமகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் ஒன்றும் தாழங்குடாவில் ஒன்றுமாக ஒலிபெருக்கி கட்டி, இரண்டிலும் ஒரே நொடியில் வேட்டுச் சத்தம் ஒலிக்கச் செய்வதாக வைத்துக்கொள்வோம். கடலில் இருப்பவருக்கு எந்தச் சத்தம் முந்தி வந்தது, எவ்வளவு முந்தி வந்தது என்று மட்டும் தெரியும். அந்த வேறுபாடு மாறாமல் இருக்கும் இடங்களையெல்லாம் இணைத்தால் கடலில் ஒரு வளைகோடு கிடைக்கும். அவர் அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறார். இன்னோர் இணை நிலையங்களிலிருந்து இன்னொரு வளைகோடு கிடைத்தால், இரண்டும் வெட்டும் இடமே அவர் இருக்கும் இடம். லோரான் வரைபடங்களில் இந்த வளைகோடுகளையே அச்சிட்டு வைத்திருந்தார்கள்.

இதன் துல்லியம் ஏறத்தாழ கால் கடல் மைல், அதாவது 460 மீட்டர் அளவில் இருந்தது. கேட்பதற்கு இது மோசமாகத் தோன்றினாலும், ஒருமுறை குறித்த இடத்துக்கே மறுமுறை திரும்பிச் செல்லும் திறனில் லோரான் இதைவிடப் பலமடங்கு மேலானது. பிழை பெரும்பாலும் ஒரே அளவில், ஒரே திசையில் இருந்ததே அதற்குக் காரணம். மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான 'பாரின்' மேல் மீண்டும் போய் நிற்க வேண்டிய மீனவருக்கு, உண்மையான அட்சரேகையைவிட இந்தத் திரும்பும் திறன்தான் முக்கியம். லோரானின் இந்தச் சிறப்பைப் பாடநூல்கள் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

இந்தியாவில் குஜராத்திலும், ஒடிசா–வங்காளக் கரையிலும் லோரான்-சி நிலையத் தொடர்கள் இயங்கின. ஜி.பி.எஸ். மலிவாகி எல்லோர் கையிலும் வந்த பிறகு, இருநூறு மீட்டர் உயரக் கோபுரங்களைப் பராமரிக்கும் செலவை யாரும் விரும்பவில்லை. அமெரிக்கா 2010 பிப்ரவரி 8 அன்று தன் லோரான் ஒலிபரப்பை நிறுத்தியது. ஐரோப்பிய நிலையங்களில் பெரும்பாலானவை 2015 இறுதியோடு ஓய்ந்தன. உலகம் முழுவதையும் எட்டே நிலையங்களால் எட்டிய ஒமேகா என்ற முறை அதற்கு முன்பே, 1997 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டுவிட்டது.

கலங்கரை விளக்கத்தையும் தரைவழி முறை என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். இருப்பிடம் தெரிந்த ஒன்று தன்னை அடையாளம் காட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த முறையின் சாரம். அது ரேடியோவாக இருந்தால் என்ன, ஒளியாக இருந்தால் என்ன? புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1836இல் ஏற்றப்பட்டது. ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள அதன் பணியை 1979இல் 48 மீட்டர் உயரமுள்ள புதிய விளக்கம் ஏற்றுக்கொண்டது.

உயரம் ஏன் கூட்டப்பட்டது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. பூமி உருண்டை என்பதால், படகில் நிற்பவரின் கண்ணுக்கு 27 மீட்டர் உயர விளக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வரையிலும், 48 மீட்டர் உயர விளக்கு 30 கிலோமீட்டர் சொச்சம் வரையிலும்தான் அடிவானத்துக்கு மேலே தெரியும். விமானங்களுக்கான தரை நிலையங்கள், செல்போன் கோபுரங்கள் போன்று நேர்க்கோட்டில் செல்லும் அலைகளை நம்பும் எல்லாவற்றுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. லோரானின் நீண்ட அலைகள் பூமியின் வளைவை ஒட்டியே தவழ்ந்து சென்றதால் மட்டுமே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் எட்டின. வானத்தில் இருக்கும் கோளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது கோபுரத்தை 20,000 கிலோமீட்டர் உயர்த்திவிட்டதற்குச் சமம்.

அப்படியானால் செயற்கைக்கோள் முறையே எல்லா விதத்திலும் மேலானது அல்லவா?

துல்லியத்திலும் பரப்பிலும் மேலானது; உறுதியில் அப்படி அல்ல. அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை 100 மீட்டர் அளவில் இருந்த துல்லியம், அதன்பின் பத்து மீட்டருக்குள் வந்துவிட்டது. எந்தத் தரை முறையும் இந்த விலைக்கு இதைத் தந்ததில்லை.

ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து, சில பத்து வாட் திறனில் புறப்படும் அலை நம்மை வந்தடையும்போது, கருவிக்குள்ளேயே இருக்கும் மின்னிரைச்சலுக்கும் கீழே அமிழ்ந்துபோன நிலையில்தான் இருக்கிறது. அதைக் குறியீட்டுக் கணக்கின் மூலம் தோண்டி எடுக்கிறார்கள். எனவே அருகிலிருந்து யாராவது அதே அலைவரிசையில் சிறிது சத்தம் எழுப்பினாலே போதும், கருவி செவிடாகிவிடும். அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில், ஒரு வாகன ஓட்டுநர் தன் வண்டி எங்கே போகிறது என்பது முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று மலிவான தடுப்புக் கருவி ஒன்றை வண்டியில் வைத்திருந்தார். அது விமான நிலையத்தின் தரையிறக்க உதவி அமைப்பையே 2012இல் குழப்பியது. முதலாளியை ஏமாற்ற நினைத்தவர் அபராதம் கட்ட நேர்ந்தது.

தடுப்பதைவிட ஏமாற்றுவது இன்னும் ஆபத்தானது. போலியான சமிக்ஞையை அனுப்பினால், கருவி எந்தத் தயக்கமும் இல்லாமல் தவறான இடத்தைக் காட்டும். 2017 ஜூன் மாதத்தில் கருங்கடலில் நின்றிருந்த ஏறத்தாழ இருபது கப்பல்களின் கருவிகள், அவை கரைக்குள்ளே ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. கப்பலில் இருந்தவர்கள் சன்னல் வழியே தண்ணீரைப் பார்த்ததால் சிரித்துவிட்டுப் போனார்கள். பிழை முப்பது கிலோமீட்டராக இல்லாமல் முந்நூறு மீட்டராக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

லோரானைத் தடுப்பது இதோடு ஒப்பிட்டால் கடினம். அதன் அலைநீளமே மூன்று கிலோமீட்டர். அதை மிஞ்சிச் சத்தமிட வேண்டுமானால் பெரிய கோபுரமும் பெருந்திறன் மின்சாரமும் வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

கோள்களே பழுதாவது உண்டா?

உண்டு. 2016 ஜனவரி 26 அன்று பழைய ஜி.பி.எஸ். கோள் ஒன்றைப் பணியிலிருந்து விலக்கியபோது, பல கோள்களின் நேரத் தகவலில் 13 மைக்ரோ நொடிப் பிழை புகுந்து, அந்த நேரத்தை நம்பியிருந்த தொலைத்தொடர்பு அமைப்புகளைச் சில மணி நேரம் தடுமாற வைத்தது. ஜி.பி.எஸ். போன்ற ரஷ்யாவின் கோள் முறையான குளோனாஸ் 2014 ஏப்ரல் தொடக்கத்தில் அரை நாள் அளவுக்குத் தவறான தகவல் தந்தது. ஐரோப்பாவின் கோள் முறையான கலிலியோ 2019 ஜூலையில் ஏறத்தாழ ஒரு வாரம் முடங்கியது. இன்றைய கருவிகள் இவற்றில் பலவற்றை ஒருசேரக் கேட்பதால், ஒன்று போனாலும் மற்றவை கைகொடுக்கும்.

என் கைப்பேசியில் ஒரே ஒரு நீலப்புள்ளிதான் தெரிகிறது. அது கோளிலிருந்து வருகிறதா, டவரிலிருந்து வருகிறதா?

இரண்டிலிருந்தும் வருகிறது, கூடவே அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிகளிலிருந்தும் வருகிறது. கைப்பேசி எது கிடைக்கிறதோ அதை எடுத்துக் கலந்து ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. புள்ளியைச் சுற்றி விரிந்து தெரியும் வெளிர்நீல வட்டம்தான் உண்மையைச் சொல்கிறது: வட்டம் பெரிதாக இருந்தால், 'இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறீர்கள்' என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது என்று பொருள். மாடிக் கட்டடத்தின் உள்ளறையில் கோள் சமிக்ஞை எட்டாதபோது டவரும் வைஃபையும்தான் பேசுகின்றன. தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் பின்னிக் கிடக்கும் பாகூர்ப் பக்கத்தில், வீட்டுக்குள் இருந்துகொண்டு கைப்பேசியைப் பார்த்தால் நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதையே அது சில நேரம் மாற்றிச் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

கடலில் நிலைமை தலைகீழ். கரை மறைந்த பிறகு டவர் கிடைக்காது. ஆனால் தலைக்கு மேல் முழு வானமும் திறந்திருப்பதால் ஜி.பி.எஸ். சிறப்பாக வேலை செய்யும். 'நெட் இல்லாமல் ஜி.பி.எஸ். ஓடாது' என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஜி.பி.எஸ். கருவி கேட்க மட்டுமே செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை. இணையம் தேவைப்படுவது வரைபடத்தை இறக்கவும், கோள்களின் இருப்பிட விவரத்தை விரைவாகப் பெறவும் மட்டுமே. இணையம் இல்லாவிட்டால் அந்த விவரத்தைக் கோளிடமிருந்தே நேரடியாகக் கேட்டுப் பெற வேண்டும். கோள் அதை நொடிக்கு 50 பிட் என்ற நத்தை வேகத்தில் அனுப்புகிறது. ஒரு கோள் தன் இருப்பிட விவரத்தைச் சொல்லி முடிக்க அரை நிமிடமும், எல்லாக் கோள்களின் பொதுப் பட்டியலைச் சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடமும் ஆகும். பல நாள் அணைத்து வைத்திருந்த கருவியைக் கரையிலேயே இயக்கி, வானம் தெரியும்படி சிறிது நேரம் வைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

புயல், மழை நேரத்தில் எது தாக்குப்பிடிக்கும்?

மழையும் மேகமும் ஜி.பி.எஸ். அலையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. பாதிக்கப்படுவது தரையில் இருப்பவைதான். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. டவருக்கு மின்சாரமும் ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லாவிட்டால் டவர் வழி இடமறிதலும் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழையைக் கொட்டிய போதும் வானத்தில் இருந்த கோள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. உங்கள் இருப்பிடம் உங்களுக்குத் தெரிவது வேறு. அது மீட்புக் குழுவுக்குத் தெரிவது வேறு. கோள் முதல் பணியை மட்டுமே செய்கிறது. இரண்டாவதற்குக் கைப்பேசி வலையமைப்போ, வி.எச்.எஃப். ரேடியோவோ, செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரோ தேவை.

மாலை மங்கிய பிறகு கருவி சில நாள்களில் தடுமாறுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுதாக இருக்காது. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. அதன் சுற்றுப்புறத்தில் பொழுது சாய்ந்த பிறகு, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் குமிழிகள் போன்ற கலக்கங்கள் எழும். அவற்றின் வழியே வரும் கோள் சமிக்ஞை மினுமினுத்து, சில கோள்கள் கருவியின் பிடியிலிருந்து நழுவும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களிலும், சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் இது கூடுதல். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கருவி அயனி மண்டலம் தரும் தாமதத்தைத் தானே கணக்கிட்டுக் கழித்துவிடும். மினுமினுப்புக்கு அது முழு மருந்தல்ல.

நாவிக், ககன் என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

அல்ல. நாவிக் இந்தியாவுக்கும் அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் வரைக்குமான சொந்த இடமறி முறை. அதன் முதல் கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், எப்போதும் நம் வானத்திலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டவை. ககன் தனி முறை அல்ல, ஜி.பி.எஸ்.ஸின் பிழையை நாடெங்கும் உள்ள தரை நிலையங்கள் அளந்து, திருத்தத்தைக் கோள் வழியாக ஒலிபரப்பும் துணை அமைப்பு. விமான நிலையங்கள் ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து முதன்மையாக விமானங்களுக்காக உருவாக்கியது. இப்படிப் பார்த்தால், கோளா தரையா என்ற கேள்விக்கு 'இரண்டும்' என்று பதில் சொல்லும் அமைப்பு ககன்.

நாவிக்கின் பயணம் எளிதாக இருக்கவில்லை. முதல் கோளிலேயே இறக்குமதி செய்த அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2017இல் மாற்றுக்கோளை ஏவியபோது வெப்பக் கவசம் பிரியாமல் முயற்சி தோற்றது. 2023 மே 29 அன்று சென்ற என்.வி.எஸ்.-01, உள்நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரத்தோடும், கைப்பேசிகள் எளிதில் கேட்கக்கூடிய எல்-1 அலைவரிசையோடும் சென்றது. 2025 ஜனவரியில் சென்ற என்.வி.எஸ்.-02 தன் இலக்குப் பாதையை எட்டவில்லை. தற்போதைக்கு நாவிக்கை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். மற்றவற்றோடு அதையும் சேர்த்துக் கேட்கும் கருவியை வாங்குவதே உசிதம்.

விமானங்கள் இன்னும் தரை நிலையங்களை ஏன் பயன்படுத்துகின்றன?

ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கோட்டைக் காட்டும் ஐ.எல்.எஸ்., திசை காட்டும் வி.ஓ.ஆர்., தொலைவு காட்டும் டி.எம்.இ. ஆகிய மூன்றும் தரையில் உள்ளவை; கோளில் என்ன நடந்தாலும் பாதிக்கப்படாதவை. 2025 நவம்பரில் டெல்லியை நெருங்கிய சில விமானங்களில் ஜி.பி.எஸ். போலிச் சமிக்ஞைத் தொல்லை ஏற்பட்டதை மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மரபான தரை உதவிகள் இருந்த ஓடுபாதைகளில் பணி தடைப்படவில்லை. அமெரிக்காவும் பழைய வி.ஓ.ஆர். நிலையங்கள் எல்லாவற்றையும் மூடிவிடாமல், ஆபத்துக்கு உதவும்படி ஒரு குறைந்தபட்ச வலையை வைத்திருக்கிறது.

நிலம் அளக்கும்போது சர்வேயர் கொண்டுவரும் கருவி இரண்டு சென்டிமீட்டர் துல்லியம் என்கிறார்கள். நம்பலாமா?

கருவியை நம்பலாம். இருப்பிடம் மிகத் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையான தரை நிலையம், அதே கோள்களைக் கேட்டு, அந்தக் கணத்தில் எவ்வளவு பிழை வருகிறது என்பதைக் கணக்கிட்டு, கைப்பேசி வலை வழியாகச் சர்வேயரின் கருவிக்கு அனுப்புகிறது. இந்திய சர்வே துறை இத்தகைய நிலையங்களை நாடு முழுவதும் நிறுவியிருக்கிறது. பத்து மீட்டர்ப் பிழை இரண்டு மூன்று சென்டிமீட்டராகக் குறைவது கோளின் பெருமை அல்ல. பக்கத்தில் இருக்கும் அந்தத் தரை நிலையத்தின் பெருமை.

இந்தத் தரைக் கணக்கின் தொடக்கத்தில் கடலூருக்கும் இடம் உண்டு. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே கணக்குக்கு அடிப்படையான ஒரு நேர்க்கோட்டை அளந்து நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், முக்கோணம் முக்கோணமாகக் கரையோரம் தெற்கே இறங்கி வந்தார். பூமியின் வளைவை அறிய அவர் அளந்த முதல் வில்லின் தென்முனை, கடலூரை அடுத்த திருவந்திபுரம். அவருக்காக இங்கிலாந்திலிருந்து வந்த கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் கருவியை வழியில் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையோடு சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள்.

அந்தப் பழைய அளவையின் எண்களும் இன்றைய ஜி.பி.எஸ். எண்களும் நேரடியாகப் பொருந்தாது. பூமியின் வடிவத்துக்கு அன்று எடுத்துக்கொண்ட மாதிரி வேறு, இன்று எடுத்துக்கொள்வது வேறு. பழைய வரைபடத்தில் படித்த அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே கருவியில் இட்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேலாகத் தள்ளிப்போகும்.

வரப்புத் தகராறில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் துல்லியம் என்பது கல் இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கே. அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அல்ல. தவறான இடத்தில் நட்ட எல்லைக்கல்லின் இருப்பிடத்தையும் கருவி அதே துல்லியத்தோடுதான் சொல்லும். அதற்குப் புலப்பட வரைபடமும் பழைய ஆவணங்களும்தான் பேச வேண்டும்.

நண்பர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பாயிண்டுக்குப் போனால் அங்கே பாரே இல்லை. ஜி.பி.எஸ். தவறா?

முதலில் எண் எழுதப்பட்ட முறையைப் பாருங்கள். இந்தக் கரையில் நிகழும் 'ஜி.பி.எஸ். தவறு'களில் பெரும்பகுதி கோளில் நிகழ்வதல்ல, எழுதுவதில் நிகழ்வது. அட்சரேகையை மூன்று விதமாக எழுதலாம்: பாகை மட்டும் தசமத்தில், பாகையும் தசம நிமிடமும், பாகை, நிமிடம், நொடி. '11.50' என்று வந்தால் அது பதினொன்றரைப் பாகை, அதாவது 11 பாகை 30 நிமிடம். அது பரங்கிப்பேட்டைக்கு நேரே உள்ள கடல். அதையே '11 பாகை 50 நிமிடம்' என்று படித்துக் கருவியில் இட்டால், புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே போய் நிற்பீர்கள். ஒரு நிமிட அட்சரேகை ஒரு கடல் மைல் என்பதால், பிழை 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர். டீசல் வீணாவதைத் தவிர இதில் பெரிய ஆபத்து இல்லை. தவறு உடனே தெரிந்துவிடும்.

ஏமாற்றுவது சிறிய பிழைதான். '45 நிமிடம் 30 நொடி'யை '45.30 நிமிடம்' என்று இட்டால், அரை நிமிடத்துக்குப் பதிலாக 0.30 நிமிடம் பதிவாகி, ஏறத்தாழ 370 மீட்டர் தள்ளிப்போகும். பாரின் மேல் விழ வேண்டிய வலை மண்ணில் விழும். அல்லது மண்ணில் விழ வேண்டிய வலை பாரில் சிக்கிக் கிழியும். பாயிண்ட் அனுப்பும்போது எண்ணோடு 'நிமிடம் தசமத்தில்' என்பது போல முறையையும் எழுதி, அந்த இடத்தின் ஆழத்தையும் சேர்த்து அனுப்பினால், போய்ச் சேர்பவர் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் கருவியைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார்.

கடலில் ஜி.பி.எஸ். தவறாகக் காட்டுகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜி.பி.எஸ். தவறாகும் அதே காரணத்தால் தானும் தவறாகிவிடாத இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும். படகில் கையடக்க ஜி.பி.எஸ்., கைப்பேசி வரைபடம், படகின் இருப்பிடத்தை மற்றக் கலங்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். ஆகிய மூன்றும் இருந்து, மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன என்பது உறுதிப்பாடு ஆகாது. ஏ.ஐ.எஸ். தன் இருப்பிடத்தை ஜி.பி.எஸ்.ஸிடமிருந்துதான் வாங்கிச் சொல்கிறது. மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்த ஒரே சொல்.

தனித்து நிற்கும் சாட்சிகள் வேறு. காம்பஸ் காட்டும் திசையும் கருவி காட்டும் செல்திசையும் நீரோட்டத்தால் விளக்க முடியாத அளவுக்கு முரண்பட்டால் ஐயப்பட வேண்டும். கரை தெரியும் தொலைவில், கலங்கரை விளக்கமும் அதற்குப் பின்னால் உள்ள கோபுரமோ புகைக்கூண்டோ ஒரே நேர்க்கோட்டில் வரும் இடத்தை மனத்தில் வைத்திருக்கும் பழைய வழக்கம் இன்றும் பயன்படும். எல்லாவற்றிலும் நல்ல சாட்சி ஆழம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் வெளியே கடலடியில் பள்ளத்தாக்குகள் வெட்டிச் செல்கின்றன. ஆழம் சட்டென்று இறங்கும் அந்த விளிம்பைக் கடக்கும்போது எக்கோ சவுண்டரின் கோடு சரிவது திரையில் தெளிவாகத் தெரியும். இத்தனை பாகம் (மீனவர் ஆழத்தை அளக்கும் அலகு) ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் அதில் பாதிகூட இல்லையென்றால், ஜி.பி.எஸ். திரையில் உள்ள எண் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதை நம்பக் கூடாது.

ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் மீன்வள அறிவிப்புகளில், அட்சரேகை தீர்க்கரேகையோடு, கரையில் உள்ள ஓர் இடத்திலிருந்து திசை, தொலைவு, ஆழம் ஆகியவையும் தரப்படுகின்றன. பலர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். சரிபார்க்க உதவுவது அந்த மற்றவைதான்.

தெற்கே செல்லும் படகுகளுக்கு எல்லை எச்சரிக்கை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது?

இந்திய–இலங்கைக் கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் அட்சரேகை தீர்க்கரேகைப் புள்ளிகளாக வரையறுக்கப்பட்டது. கடலில் கோடு கிடையாது, கல் கிடையாது. எனவே இந்த ஒரு விஷயத்தில் இடமறி கருவிக்கு மாற்று இல்லை. கருவியின் பிழை பத்து மீட்டர் என்பதால் எல்லையை ஒட்டியே போகலாம் என்று நினைப்பது தவறான கணக்கு. இன்ஜின் நின்றுபோன படகை நீரோட்டம் ஒரு மணி நேரத்தில் தள்ளும் தொலைவு அதைவிடப் பன்மடங்கு. எச்சரிக்கை ஒலி எல்லையில் அல்ல, சில கடல் மைல்களுக்கு முன்பே அடிக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

லோரான் போன்ற தரை முறை திரும்ப வருமா?

சில நாடுகளில் வருகிறது. வடகொரியாவின் பக்கத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஜி.பி.எஸ். தடுப்புக்கு ஆளான தென்கொரியா, பழைய லோரானைச் செம்மைப்படுத்திய ஈ-லோரானில் முதலீடு செய்தது. அலை நிலத்தின் மேல் செல்லும்போது சற்று வேகம் குறைவதை முன்கூட்டியே அளந்து திருத்துவதால், துறைமுகங்களை நெருங்கும்போது இருபது மீட்டருக்குள் துல்லியம் கிடைக்கும். கூடவே, கோளைச் சாராத ஒரு நேரமும் கிடைக்கும். செல்போன் வலைகளும் மின்கட்டமைப்பும் தங்கள் கடிகாரத்தை ஜி.பி.எஸ்.ஸிடமிருந்து வாங்குகின்றன என்பதால், அரசுகளை இதன் பக்கம் திருப்புவது கப்பல்களைவிட இந்த நேரத் தேவைதான் என்று கருதுகிறேன்.

ஃபைபர் படகு வைத்திருப்பவர் குறைந்த செலவில் என்ன வைத்துக்கொள்வது?

பல கோள் தொகுதிகளைக் கேட்கும், தண்ணீர் புகாத கையடக்கக் கருவி ஒன்று. அதற்கு மாற்று பேட்டரி, பிளாஸ்டிக் உறையில் தனியாக. ஒரு சாதாரண காம்பஸ், இன்ஜினிலிருந்தும் இரும்புச் சாமான்களிலிருந்தும் தள்ளி. கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம். முக்கியமான பாயிண்டுகளும் அவற்றின் ஆழமும் கையால் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம். கருவி தண்ணீரில் விழுந்தால் பல ஆண்டுச் சேகரிப்பு அதோடு போய்விடுவதைப் பலர் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். படகுகளுக்கு அரசுத் திட்டத்தில் தரப்படும் டிரான்ஸ்பாண்டர் இருந்தால் அதை அணைத்து வைக்காதீர்கள். இருப்பிடத்தைக் கரைக்குச் சொல்லும் வேலையை மேலே சொன்ன பொருள்களில் வேறு எதுவும் செய்யாது.